ஆய்வகத் தோல் கிட்: தடுப்பரணைச் சோதிக்கச் சரி, அது உருவாவதைப் பார்க்க?

எபிடெர்ம், ஸ்கின்எத்திக், எபிஸ்கின் போன்ற, மனிதத் தோல் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்து விற்கும் ஆயத்த மேல்தோல் கிட்டுகளை வாங்கலாமா என்று கேட்பவரிடம் முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தோலின் தடுப்பரணை, அதாவது நீர் வெளியேறாமலும் அந்நியப் பொருள் உள்ளே புகாமலும் காக்கும் அரணை, ஒரு பொருள் உடைக்கிறதா என்று சோதிக்கப் போகிறாரா, இல்லை, அந்தத் தடுப்பரண் எந்த மரபணுவால், எந்தச் சமிக்ஞையால் உருவாகிறது என்று ஆராயப் போகிறாரா? முதல் வேலைக்கு இந்தக் கிட்டுகளை அடித்துக்கொள்ள வேறொன்று இல்லை. இரண்டாவது வேலைக்கு இவற்றை வாங்குவது, கட்டி முடித்து வெள்ளையும் அடித்த வீட்டை வாங்கிவிட்டு, அஸ்திவாரம் எப்படிப் போட்டார்கள் என்று சுவரைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. பெட்டி வந்து சேரும்போதே, நாம் பார்க்க விரும்பியதில் பெரும்பகுதி தயாரிப்பாளரின் ஆய்வகத்தில் நடந்து முடிந்திருக்கும்.

இந்த மதிப்பீடு அந்த இரண்டாவது கேள்வியை வைத்தே எழுதப்படுகிறது. ஆனாலும் கிட்டுகளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

பெட்டிக்குள் இருப்பது என்ன

எபிடெர்ம் கிட்டில் 24 திசுக்கள் வரும். ஒவ்வொன்றும் நுண்துளைச் சவ்வு கொண்ட ஒரு சிறு பிளாஸ்டிக் இன்சர்ட்டில் வளர்க்கப்பட்டது; பரப்பு 0.63 சதுர சென்டிமீட்டர். பயணத்தில் காயாமல் இருக்க அகரோஸ் கூழின் மேல் உட்கார வைத்து, குளிர்ச்சியாக அனுப்புவார்கள். ஸ்கின்எத்திக் திசு 0.5 சதுர சென்டிமீட்டர். பாலிகார்பனேட் சவ்வின் மேல், சீரம் (இரத்தத்தின் திரவப் பகுதி) இல்லாத மீடியத்தில் (செல் வளர்ப்புத் திரவத்தில்) வளர்ந்தது. எபிஸ்கின் கொலாஜன் படுகையின் மேல் வளர்ந்தது, 0.38 சதுர சென்டிமீட்டர். மூன்றிலும் உள்ளவை மேல்தோலின் பெரும்பகுதியான மனிதக் கெரட்டினோசைட் செல்கள் மட்டுமே. நிறமி செல் இல்லை, நோயெதிர்ப்பு செல் இல்லை, அடியில் உயிருள்ள உள்தோலும் இல்லை.

ஒரு திசுவை ஃபார்மலினில் இட்டு, குறுக்கே வெட்டி, சாயமேற்றிப் பார்த்தால் மனது நிறைந்துவிடும். அடி அடுக்கில் நெருக்கமாக நிற்கும் செல்கள், அதன் மேல் முள் அடுக்கு, கருநீலப் புள்ளிகளோடு துகள் அடுக்கு, உச்சியில் உட்கரு இல்லாத தட்டையான கார்னியம். தடுப்பரண் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்தக் கார்னியம்தான். அதற்குக் கீழே துகள் அடுக்கில், செல்களை இடைவெளியின்றி ஒட்டவைக்கும் இறுக்கச் சந்திகள் இரண்டாவது காவல்.

எரிச்சல் சோதனைக்கு: தயங்காமல் வாங்கலாம்

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஈசிடியின் 439-ஆம் வழிகாட்டி 2010-இல் வந்தது. அதன்படி எபிடெர்மில் செய்யும் சோதனையின் சுருக்கம் இது. திசுக்கள் வந்ததும் 6 குழிப் பிளேட்டில், குழிக்கு 0.9 மில்லி மீடியத்தில் வைத்து ஒரு மணி நேரம் இன்குபேட்டரில் விட வேண்டும். பிறகு மீடியம் மாற்றி இரவு முழுக்க ஓய்வு. மறுநாள் திரவமானால் 30 மைக்ரோலிட்டர், பொடியானால் 25 மில்லிகிராம் மேலே இட்டு 60 நிமிடம். அதில் 35 நிமிடம் 37 டிகிரியில், மீதி அறை வெப்பத்தில். உப்புக் கரைசலால் 15 முறை கழுவி, 42 மணி நேரம் வளரவிட்டு, மில்லிக்கு 1 மில்லிகிராம் எம்டிடி என்ற சாயக் கரைசலில் 3 மணி நேரம் வைத்தால், உயிருள்ள செல்கள் ஊதா நிறம் தரும். அதை ஐசோபுரொப்பனாலில் கரைத்து 570 நானோமீட்டரில் அளக்க வேண்டும். ஒப்பீட்டுத் திசுவில் 50 சதவீதமோ அதற்குக் கீழோ உயிர் இருந்தால், அது எரிச்சலூட்டும் பொருள். எரிச்சலூட்டுவது உறுதியான எஸ்டிஎஸ் என்ற அழுக்ககற்றியின் 5 சதவீதக் கரைசல் இட்ட திசுவில் உயிர் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஓட்டமே செல்லாது.

இதில் தவறு நேரும் இடங்கள் சிலதான், ஆனால் எல்லாமே கண்ணில் படாதவை. முதலாவது, இன்சர்ட்டுக்கு அடியில் சிக்கும் காற்றுக் குமிழி. அந்தப் பகுதிக்கு மேலே உள்ள செல்கள் மீடியம் கிடைக்காமல் செத்துவிடும். பொருள்தான் கொன்றது என்று எழுதிவிடுவோம். இன்சர்ட்டைச் சாய்த்து இறக்கி, பிளேட்டைத் தூக்கி அடியிலிருந்து பார்ப்பது ஒன்றே வழி. இரண்டாவது, திசுவின் மேற்பரப்பில் தேங்கும் ஈரம். அதைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுக்காவிட்டால் இடும் பொருள் நீர்த்துப்போகும். அழுத்தித் தேய்த்தால் கார்னியம் கிழியும். மூன்றாவது, சில பொருள்கள் செல் இல்லாமலேயே எம்டிடியை ஊதாவாக்கும். அவற்றுக்குக் கொல்லப்பட்ட திசுவில் ஓர் இணை ஓட்டம் கட்டாயம்.

தடுப்பரணின் தரத்துக்கும் கிட்டோடு எண் வருகிறது. டிரைட்டன் எக்ஸ்-100 என்ற அழுக்ககற்றியின் 1 சதவீதக் கரைசலை இட்டால் பாதி செல்கள் சாக எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதே அந்த எண். எபிடெர்முக்கு ஏறத்தாழ 4.8 முதல் 8.7 மணி, ஸ்கின்எத்திக்குக்கு 4 முதல் 10 மணி வரை இருக்கலாம். எபிஸ்கினுக்கு வேறு அளவுகோல்: 18 மணி நேரத்தில் பாதி செல்களைக் கொல்லும் எஸ்டிஎஸ் அளவு மில்லிக்கு 1 முதல் 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இந்த வரம்புகளின் அகலத்தைக் கவனியுங்கள். எரிச்சல் உண்டா இல்லையா என்று பிரிக்க இது தாராளமாகப் போதும். ஒரு மரபணுவை அடக்கியதால் தடுப்பரண் 20 சதவீதம் பலவீனமானது என்று காட்ட நினைப்பவருக்கு, இந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அவருடைய முடிவு காணாமல் போய்விடும். தரச் சான்றிதழைப் படிக்கும்போது ‘தேறியது’ என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல், அந்தத் தொகுதியின் எண் வரம்பில் எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

உருவாகும் கதையில் கிட் தவறவிடுவது

கருவில் தோல் ஒற்றை அடுக்குச் செல்களாகத் தொடங்குகிறது. அந்தச் செல்களை ‘அடுக்கடுக்காக வளர்’ என்று திருப்பிவிடும் தலைமை மரபணு பி63. 1999-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் பி63 இல்லாத எலிகளை உருவாக்கின. குட்டிகளுக்கு அடுக்குத் தோலே இல்லை. பிறந்ததும் உடல் நீர் வற்றி இறந்தன. பி63 அடி அடுக்கில் வலுவாக இருக்கும். அங்கிருந்து மேலே நகரும் செல்லில் பக்கத்துச் செல் தொடுவதால் எழும் நாட்ச் சமிக்ஞை தட்டப்பட்டு, பி63 தணிந்து, அடி அடுக்கின் நார்ப் புரதங்களான கெரட்டின் 5, 14 நின்று, மேலடுக்குக்குரிய கெரட்டின் 1, 10 தொடங்கும். துகள் அடுக்கை எட்டும்போது அங்கே கால்சியம் அதிகம். அந்தக் கால்சியம், செல்லுக்குள் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதி வழியாக, மரபணுக்களை இயக்கும் ஏபி-1 காரணிகளை எழுப்ப, தடுப்பரணைக் கட்டும் இன்வோலுக்ரின், லோரிக்ரின், டிரான்ஸ்குளூட்டமினேஸ்-1 எல்லாம் பெருகும். லோரிக்ரினும், கெரட்டின் நார்களைக் கட்டும் ஃபிலாக்ரினும் இன்னும் பல உறவுக்கார மரபணுக்களும் மனிதரில் 1-ஆம் குரோமோசோமின் 1கியூ21 பகுதியில் ஒரே கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. கேஎல்எஃப்4, ஜிஆர்எச்எல்3 இரண்டும் கடைசிக் கட்டத்தை முடுக்கும் காரணிகள். 1999-இல் கேஎல்எஃப்4 நீக்கிய எலிக்குட்டிகளும் தோல் வழியாக நீர் இழந்து பிறந்த கையோடு இறந்தன. 2002-இல் இறுக்கச் சந்திப் புரதமான கிளாடின்-1 இல்லாத எலிகள் ஒரு நாளுக்குள் இறந்தபோதுதான், கார்னியம் மட்டும் போதாது, இறுக்கச் சந்தியும் வேண்டும் என்பது உறுதியானது.

புரதம் ஒரு பாதி, கொழுப்பு மறு பாதி. துகள் அடுக்குச் செல்லில் உள்ள லாமெல்லார் துகள்களுக்குள் குளூக்கோசில்செரமைடு என்ற கொழுப்பை ஏற்றுவது ஏபிசிஏ12 புரதம். அது செல்லுக்கு வெளியே கொட்டப்பட்டு, நொதியால் செரமைடாகி, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து தகடு தகடாக அடுக்கப்படும். ஏபிசிஏ12 கெட்டுப்போனால் ஹார்லிகுயின் இக்தியோசிஸ் என்ற கொடிய பிறவி நோய் வரும். இது 2005-இல் தெரியவந்தது. டிரான்ஸ்குளூட்டமினேஸ்-1 கெட்டால் லாமெல்லார் இக்தியோசிஸ் என்ற செதில்தோல் நோய். ஸ்பிங்க்5 கெட்டால் நெதர்டன் நோய்: புரதம் வெட்டும் நொதிகளுக்குக் கடிவாளம் இல்லாமல் போய், கார்னியம் அளவுக்கு மீறி உதிரும். ஃபிலாக்ரின் பிறழ்வு இக்தியோசிஸ் வல்காரிஸுக்குக் காரணம், அடோபிக் தோலழற்சி வரும் வாய்ப்பையும் வெகுவாகக் கூட்டும் என்பது 2006-இல் வெளியானது.

ஆயத்தக் கிட்டின் குறை எங்கே என்பதை லோரிக்ரினைப் போல எதுவும் தெளிவாகக் காட்டாது. கார்னியச் செல் உறையில் மிகப் பெரும் பங்கு வகிக்கும் புரதம் அது. அதை எலியில் முழுதாக நீக்கினால் பேராபத்து வரும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். 2000-இல் வெளியான ஆய்வில் குட்டிகள் பிழைத்தன. கருவில் 16.5-ஆம் நாளில் தடுப்பரண் தாமதமாகவே உருவாகியிருந்தது; ஆனால் பிறக்கும் நேரத்துக்குள் பெருமளவு ஈடுகட்டப்பட்டுவிட்டது. கர்ப்பத்திலேயே என்ஆர்எஃப்2 சமிக்ஞை எழுந்து, சிறு புரோலின் புரதங்களையும் அந்த மரபணுக் கூட்டத்தின் வேறு சில புரதங்களையும் கூட்டிக் கொடுத்து ஈடுசெய்கிறது என்று 2012-இல் காட்டினார்கள். இப்போது இதே கேள்வியை முதிர்ந்த திசுவில் கேட்டால் என்ன பதில் வரும்? ‘லோரிக்ரின் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது’ என்று. தாமதமும் தெரியாது, ஈடுசெய்யும் சமிக்ஞையும் தெரியாது. தடுப்பரண் உருவாக்கத்தின் உயிரே காலவரிசையில் இருக்கிறது. முடிந்த நிலையை மட்டும் விற்கும் பொருளில் அந்தக் காலவரிசை இல்லை.

சில தயாரிப்பாளர்கள் முதிராத திசுவையும் கேட்டால் தருகிறார்கள். அது பாதிக் குறையைத் தீர்க்கும். ஆனால் மரபணு மாற்றம் செய்ய வேண்டியது செல்லை விதைப்பதற்கு முன்னால். அந்தக் கதவு அப்போதும் மூடித்தான் இருக்கும்.

செல்லும் இன்சர்ட்டும் வாங்கி நாமே வளர்ப்பது

எங்கள் பரிந்துரை இதுதான். உறைநிலைச் செல், மீடியம், வெற்று இன்சர்ட் மூன்றையும் தனித்தனியே வாங்கி வளர்த்துக்கொள்ளுங்கள். வேலை கூடும், முதல் சில தொகுதிகள் வீணாகும். ஆனால் எந்த நாளில் எந்த மரபணு எழுகிறது என்று நாம் வைத்த நேரத்தில் பார்க்கலாம்.

செல் தேர்வில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மலிவாகவும் சாகாமலும் வளர்கிறது என்பதற்காக ஹாகாட் என்ற செல் வரிசையை எடுக்காதீர்கள். 1988-இல் உருவான அந்த வரிசையில், செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி53 மரபணு கெட்டது. காற்றில் உயர்த்தினாலும் ஒழுங்கான கார்னியம் தராது. தடுப்பரண் ஆய்வுக்கு அது பொருந்தவே பொருந்தாது. புதிதாகப் பிரித்த கெரட்டினோசைட் உயர்தரம், ஆனால் மூன்று நான்கு முறை பிரித்து வளர்த்ததற்கு மேல் சோர்ந்துவிடும். ஒரு செல்லிலிருந்து குலம் வளர்த்து கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டு செய்ய அதற்கு ஆயுள் போதாது. டெலோமெரேஸ் நொதியைக் கொடுத்து ஆயுள் நீட்டிய என்/டெர்ட் வரிசை 2000-இல் வந்தது. அடுக்கும் கார்னியமும் தருவதோடு மரபணு வெட்டையும் தாங்கும். மரபணுக் கேள்விக்கு முதல் தேர்வு இதுவே. இதில் கண்டதைக் குறைந்தது இரண்டு கொடையாளர்களின் முதன்மைச் செல்லில் சரிபார்த்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

கொடையாளரைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. சந்தையில் கிடைக்கும் இளம் கெரட்டினோசைட்டில் பெரும்பகுதி பச்சிளம் ஆண் குழந்தைகளின் முன்தோலிலிருந்து வருவது. எல்லாமே ஆண் செல்கள். எலிக் கருவில் ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜன் தடுப்பரண் உருவாவதைத் தாமதப்படுத்தும் என்பது தெரிந்திருக்கும்போது, பால் வேறுபாட்டைக் கேட்கும் ஆய்வுக்கு இது பெரிய ஓட்டை. அடுத்தது ஃபிலாக்ரின். ஐரோப்பிய வம்சாவளியினரில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்கு அந்த மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்திருக்கும். மற்ற மக்களிடம் பிறழ்வுகள் வேறு வேறு. கொடையாளரின் ஃபிலாக்ரின் மரபணுவைப் படித்துப் பார்க்காமல் தொடங்கிய தடுப்பரண் ஆய்வை நம்புவது கடினம்.

வளர்ப்பு முறை இப்படி. செல்களைக் குறைந்த கால்சியத்தில், அதாவது 0.06 மில்லிமோலார் அளவில், தட்டில் 70 முதல் 80 சதவீதம் நிரம்பும் வரை மட்டும் வளர்க்க வேண்டும். முழுதாக நிரம்பிவிட்டால் செல்கள் தாமே முதிரத் தொடங்கி, விதைக்கும் முன்பே கதை பாதி நகர்ந்துவிடும். பிரித்தெடுத்து, 0.4 மைக்ரோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் இன்சர்ட்டில் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை முதல் மூன்று லட்சம் செல் வீதம், 1.5 மில்லிமோலார் கால்சிய மீடியத்தில் விதைக்க வேண்டும். ஒரு நாள் கழித்து மேலேயுள்ள மீடியத்தை முழுக்க உறிஞ்சி எடுத்து, செல்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். அடியில் உள்ள மீடியத்தில் அப்போதிருந்து மில்லிக்கு 50 மைக்ரோகிராம் வைட்டமின் சியும், 10 நானோகிராம் கெரட்டினோசைட் வளர்ச்சிக் காரணியும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மீடியம் மாற்றம். காற்றில் 10, 11 நாளில் முழுத் திசு கிடைக்கும்.

வைட்டமின் சியைச் சிலர் ஏதோ சத்துக்குச் சேர்ப்பதாக நினைத்து அளவில் அலட்சியம் காட்டுவார்கள். அது இல்லாமல் வளர்ந்த திசுவில் அடுக்குகள் எல்லாம் வரும், சாயமேற்றினால் அழகாகவும் இருக்கும். ஆனால் தடுப்பரணுக்கு உயிரான செரமைடு வகைகள் குறைந்து, கொழுப்புத் தகடுகள் ஒழுங்காக அடுக்கப்படாது. கரைசலில் வைட்டமின் சி சீக்கிரம் சிதையும் என்பதால் ஒவ்வொரு மீடியம் மாற்றத்திலும் புதிதாகக் கரைத்தே சேர்க்க வேண்டும். ஒரு வாரம் முன்பு கலந்து வைத்த பாட்டிலில் அது இருப்பதாக நம்பக் கூடாது.

சீரம் பயன்படுத்துபவர்கள் வைட்டமின் ஏ விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். சீரத்தில் உள்ள ரெட்டினாய்டுகள் கடைசிக் கட்ட முதிர்ச்சியை, குறிப்பாக ஃபிலாக்ரினையும் லோரிக்ரினையும், அடக்கிவிடும். சீரம் இல்லாத மீடியத்துக்கு மாறுவதே நல்ல தீர்வு.

வளர்ப்பில் காணும் கோளாறுகளுக்குக் காரணம் பெரும்பாலும் வெட்டிலேயே எழுதியிருக்கும். கார்னியத்திலும் உட்கரு தெரிந்தால் முதிர்ச்சி அரைகுறை. செல் அதிகமுறை பிரிக்கப்பட்டதா, வளர்ச்சிக் காரணி கூடிவிட்டதா என்று பாருங்கள். திசு ஓரத்தில் மெலிந்து நடுவில் தடித்திருந்தால் விதைத்தபின் தட்டைச் சுழற்றியிருப்பார்கள். செல்கள் நடுவில் குவிந்துவிடும். முன்பின்னாக, இடவலமாக மெல்ல ஆட்டி, இன்குபேட்டரில் வைக்கும் முன் சில நிமிடம் அசையாமல் விட்டால் சரியாகும். மேற்பரப்பு நான்காம் நாளிலும் பளபளவென்று ஈரமாக இருந்தால், கீழிருந்து மீடியம் கசிகிறது. ஒன்று சவ்வோரத்தில் செல் பிடிக்கவில்லை, இல்லை வெளி மீடியத்தின் மட்டம் சவ்வை விட உயரமாக நிற்கிறது. காற்றில் உயர்த்திய திசுவின் மேற்பரப்பு மங்கலாக, உலர்ந்து தெரிய வேண்டும்.

அளப்பது

மின்தடை அளவு எல்லோருக்கும் பிடித்தது, ஏனென்றால் திசு சாகாது. வெற்று இன்சர்ட்டின் தடையைக் கழித்து, பரப்பால் பெருக்கினால் ஓம் சதுர சென்டிமீட்டரில் எண் கிடைக்கும். வகுத்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பெருக்க வேண்டும். வெப்பநிலை சில டிகிரி இறங்கினாலே எண் ஏறிவிடும் என்பதால், இன்குபேட்டரிலிருந்து எடுத்து எத்தனை நிமிடத்தில் அளக்கிறோம் என்பது எல்லாத் திசுவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த அளவை விளக்கும்போது நிதானம் தேவை. தொடக்க நாள்களில் அது பெரும்பாலும் இறுக்கச் சந்தியைச் சொல்கிறது. கார்னியம் வளர்ந்தபின் இரண்டும் கலந்த எண்ணைத் தருகிறது. கொழுப்புத் தகட்டைக் குறித்து மட்டும் கேட்க வேண்டுமென்றால், நீராவி இழப்பு அளவியும், லூசிஃபர் யெல்லோ போன்ற சாயம் ஊடுருவும் ஆழமும் கூடவே வேண்டும். பயோட்டின் தடமியை (தடம் காட்டும் மூலக்கூறை) அடியிலிருந்து செலுத்தி, அது துகள் அடுக்கில் நிற்கிறதா, தாண்டுகிறதா என்று பார்த்தால் இறுக்கச் சந்தியின் நிலை தனியாகத் தெரியும்.

ஃபிலாக்ரின் அளப்பவர்களுக்கு ஒரு சொல். தாய்ப் புரதமான புரோஃபிலாக்ரின் 400 கிலோடால்டனுக்கும் மேல். அது வெட்டுப்பட்டு வரும் ஃபிலாக்ரின் 37 கிலோடால்டன். இடையில் ஏகப்பட்ட பட்டைகள் வரும். வழக்கமான ஜெல்லில், வழக்கமான நேரத்தில் சவ்வுக்கு மாற்றினால் பெரிய புரதம் ஜெல்லிலேயே தங்கிவிடும்; ‘ஃபிலாக்ரின் இல்லை’ என்று தவறாக முடிவு கட்ட நேரும். ஆர்என்ஏ அளவிலும் சிக்கல் உண்டு. திசு முதிரும்போது ஜிஏபிடிஎச் போன்ற ஒப்பீட்டு மரபணுக்களே மாறுவதால், ஆர்பிஎல்பி0 போன்ற நிலையான ஒன்றோடு சேர்த்து ஒப்பிடுவது பாதுகாப்பு.

மரபணுவை அடக்குவதில் நேரக் கணக்கு

எஸ்ஐஆர்என்ஏ (மரபணுவின் செய்தியை அழிக்கும் சிறு ஆர்என்ஏ) தரும் தற்காலிக அடக்கம் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு நாள் தாங்கும். ஃபிலாக்ரினோ திசு காற்றைப் பார்த்துப் பல நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அடக்கம் தளர்ந்த நேரத்தில் மரபணு எழுந்தால், அடக்கியும் மாற்றமில்லை என்று பொய்யான முடிவு கிடைக்கும். ஃபிலாக்ரின் அடக்கிய மேல்தோல் மாதிரிகளில் ஒரு குழு ஊடுருவல் கூடியதாகவும், இன்னொரு குழு கொழுப்பிலும் ஊடுருவலிலும் மாற்றமில்லை என்றும் அறிவித்திருப்பதைப் படித்துக் குழம்புகிறவர்கள், முதலில் செல் வகை, அடக்கிய விதம், எத்தனை நாள் வளர்த்தார்கள் என்ற மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். தாமதமாக எழும் மரபணுவுக்கு செல்லின் டிஎன்ஏவில் இணையும் லென்டிவைரஸ் வழி நிலையான அடக்கமோ, கிரிஸ்பர் வெட்டோதான் சரி. பி63 போன்றவற்றுக்கு நேர்மாறு: நிலையாக நீக்கினால் செல் பெருகவே பெருகாது, அடுக்காகத் தொடங்கியபின் மருந்து கொடுத்து அடக்கும் வகை வேண்டும்.

சமிக்ஞையை ஆராய்பவர்கள் மீடியத்தின் உள்ளடக்கப் பட்டியலை ஒருமுறையாவது வரிக்கு வரி படிக்க வேண்டும். கெரட்டினோசைட் மீடியங்களில் ஹைட்ரோகார்டிசோன் வழக்கமாகவே இருக்கும். அது குளூக்கோகார்ட்டிகாய்டு வகை ஹார்மோன்; கருவில் தடுப்பரணை விரைவுபடுத்தும் சமிக்ஞை. அதைத் தொட்டியில் ஊற்றி வைத்துக்கொண்டே குளூக்கோகார்ட்டிகாய்டின் பங்கை அளக்க முடியாது. இன்சுலினும், எபிடெர்மல் வளர்ச்சிக் காரணியும் அதேபோலத்தான். எபிடெர்மல் வளர்ச்சிக் காரணி முதிர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கும். கட்டுப்பாட்டுத் திசுவும் சோதனைத் திசுவும் ஒரே மீடியத்தில் இருந்தன என்பது இதற்குப் பதிலாகாது, ஏனென்றால் இரண்டிலும் சமிக்ஞை ஏற்கனவே உச்சத்தில் நிற்கும். ஆயத்தக் கிட்டின் பெரிய குறையும் இங்கேதான்: மீடியத்தின் முழு விவரம் வணிக ரகசியமாக இருந்தால் இந்தப் பட்டியலைப் படிக்கக்கூட வழியில்லை.

அழற்சிச் சூழலுக்கு இன்டர்லூகின்-4, 13 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதங்கள் இரண்டையும் மில்லிக்கு 50 நானோகிராம் அளவில் கடைசி நாள்களில் மீடியத்தில் கொடுப்பது வழக்கம். ஸ்டாட்6 என்ற காரணி வழியாக ஃபிலாக்ரினும் லோரிக்ரினும் குறைவதை அழகாகப் பார்க்கலாம். நிலக்கரித் தாரைக் கொடுத்தால் ஏஎச்ஆர் ஏற்பி எழுந்து ஃபிலாக்ரினை மீட்பதும் இதே மாதிரியில் தெரியும். இந்த ஒரு பயன்பாட்டுக்கு மட்டும் ஆயத்தக் கிட்டும் சுயமாக வளர்த்ததும் ஏறத்தாழச் சமம், ஏனென்றால் இங்கே கேட்பது உருவான தடுப்பரண் எப்படிக் குலைகிறது என்பதை.

இரண்டுக்கும் பொதுவான எல்லைகள்

எந்த மாதிரியானாலும் நிஜத் தோலைவிட அதிகமாக ஊடுருவவிடும். கொழுப்புச் சங்கிலிகளில் நீளம் குறைந்தவையும் நிறைவுறாதவையும் அதிகம். அதனால் நிஜக் கார்னியத்தில் காணும் நெருக்கமான செஞ்சாய்சதுர அடுக்குமுறை வராமல் தளர்வான அறுகோண அடுக்குமுறையே மேலோங்கும். கெரட்டின் 6, 16 இரண்டும் எழுந்திருப்பது, திசு காயம் ஆறும் மனநிலையில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். கார்னியம் உதிராது, நாள் கூடக்கூடத் தடித்துக்கொண்டே போகும். ஆகவே ஸ்பிங்க்5 போன்ற உதிர்தல் தொடர்பான மரபணுவுக்கு 11-ஆம் நாள் திசுவும் 17-ஆம் நாள் திசுவும் ஒப்பிடத் தகுந்தவை அல்ல. எலிக் கருவில் தடுப்பரண் முதுகுப் பக்கம் முதலில் தோன்றி வயிற்றுப் பக்கம் பரவுவதைச் சாயமேற்றி நேரில் காணலாம். இன்சர்ட்டுக்கு முதுகும் வயிறும் கிடையாது. உள்தோல் செல்கள் கெரட்டினோசைட்டோடு பேசும் இன்டர்லூகின்-1, வளர்ச்சிக் காரணி உரையாடலைப் பார்க்க வேண்டுமென்றால் உள்தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கலந்த கொலாஜன் கூழின் மேல் வளர்க்கும் முழுத்தடிமன் மாதிரிக்கே போக வேண்டும். கூழ் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடுவது அதன் தீராத தொல்லை. அந்த ஓரக் கசிவோடு எடுத்த ஊடுருவல் எண் எதற்கும் உதவாது.

ஆர்டர் போடும் முன்

ஆயத்தக் கிட்தான் வேண்டும் என்று முடிவானால், கொடையாளர் எண், அந்தத் தொகுதியின் தடுப்பரண் எண், காற்றில் எத்தனை நாள் இருந்தது, மீடியத்தில் ஹைட்ரோகார்டிசோன் உண்டா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே ஆய்வுக்கான எல்லாத் திசுக்களும் ஒரே கொடையாளரிடமிருந்து வருமா, அடுத்த தொகுதியிலும் அதே கொடையாளர் இருப்பாரா என்றும் கேளுங்கள். பெட்டி வந்ததும் அகரோஸில் குமிழியோ, திசுவின் மேல் நீர்த்துளியோ தெரிந்தால் படம் எடுத்து வைத்துவிட்டே திறக்க வேண்டும். சோதனையில் சேர்க்காமல் ஒரு திசுவை அன்றே ஃபார்மலினிலும், ஒன்றை ஆர்என்ஏ பாதுகாப்புக் கரைசலிலும் போட்டுவிடுங்கள். 24-இல் இரண்டு போகிறதே என்று மனம் கணக்குப் போடும். பயணத்தில் திசு என்ன ஆனது என்று பிறகு கேள்வி எழும்போது பதில் சொல்ல அந்த இரண்டு மட்டுமே மிஞ்சியிருக்கும்.